பங்குனிக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு

கூடிய இடம்
புதுப்பாளையம், அஞ்சலாட்சி வீட்டு மொட்டைமாடி.
வந்தவர் பதினொருவர், நாற்காலி ஏழு.
மிச்சப்பேர் மண்மூட்டை மேல் உட்கார்ந்தோம்.
எழுந்தபோது எங்கள் பின்பக்கமெல்லாம்
தென்னைநார்த் தூள்.

செயலாளர் என்ற முறையில்
நடந்ததை நடந்தபடி எழுத வேண்டியவள் நான்.
மாசிக் குறிப்பில்
'தலைவர் சற்றே உரக்கப் பேசினார்' என்றிருந்ததை
அடிக்கச் சொன்னார் தலைவர்,
சற்றே உரக்க.

மலர்க்காட்சிக்குப் புதுச்சேரி போன
ஆறு தொட்டிகளில்
ஒன்றுக்கு மட்டும் ஆறுதல் பரிசு.
அதுவும் ரஹ்மத்துன்னிசாவின் கறிவேப்பிலைக்கு,
பூச்செடிப் பிரிவில்.
'பூத்திருந்தது, கொண்டுபோனேன்' என்றார்.
ரோஜா வைத்திருந்தவர்கள்
கைதட்டியதைக் குறித்துக்கொண்டேன்.
எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை.

நெல்லிக்குப்பம் தனவேலு
மருந்துக்கடை உறையில் கொத்தவரை விதை கொடுத்தார்.
உறை மேல்
காலை ஒன்று, இரவு ஒன்று,
சாப்பாட்டுக்குப் பின்.

போர் தண்ணீர் கரிக்கிறது.
குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா
என்ற வாதம்
இம்முறையும் முடியவில்லை.
தெற்கிலிருந்து ஆலை நெடி வந்ததும்
தானாக நின்றது.
மாடியில் மல்லி மலர்ந்தபடியே இருந்தது,
அதற்கு மூக்கு இல்லை.

இனி எழுதத் தயங்கும் பகுதி.

நம் ஊர்ப் பெயருக்குள் ஒரு மரம் இருக்கிறது.
கோயிலைத் தவிர ஊருக்குள் வேறெங்கும்
எங்கள் கண்ணில் அது பட்டதில்லை.
திருப்பாப்புலியூர், பாப்புலியூர் என்று
நடத்துனர் விசிலுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே
பாதிரி உதிர்ந்து வெகுகாலம்.
அதனால்தான் மூன்று வருஷம் முன்பு
கெடிலக்கரைப் பூங்காவில் ஐந்து கன்று நட்டோம்.
நான்கு, ஆடுகளுக்கு.
ஐந்தாவதைப் புடவைக் கரை கிழித்துக் கட்டி
இரண்டு ஐப்பசிக் காற்றுக்குத் தப்பவைத்தோம்.
'பாதிரி' என்று பலகை எழுதி ஊன்றினோம்.
கோடையில் ஆளுக்கொரு நாள் தண்ணீர் முறை.

போன செவ்வாய் அது பூத்தது.
மஞ்சளாக.
கொத்துக் கொத்தாக,
கொஞ்சமும் கூச்சமின்றி மஞ்சளாக.

'பாதிரி இப்படிப் பூக்காது' என்றார் ஜெயசீலி டீச்சர்.
'அது கருஞ்சிவப்பு, உள்ளே பூனைமயிர் இருக்கும்.
இது சொர்ணபட்டி.
ரயில்வே வேலியோரம் சும்மா கிடைக்கும்.'
போன் கைகை மாறிச் சுற்றி வந்தது.
பெரிதாக்கிப் பார்த்தவர்களுக்கும்
மஞ்சள்தான் பெரிதானது.

நர்சரிக்காரரிடம் அறுபது ரூபாயைத்
திரும்பக் கேட்கலாம் என்றார் பொருளாளர்.
நர்சரி இப்போது பிரியாணிக் கடை.

மொபெட்டின் இரு பக்கமும் குடம் தொங்க
மூன்று கோடை போய்வந்த கலியபெருமாள்
அதுவரை பேசவில்லை.
'அதுவா சொல்லுச்சு
நான் பாதிரின்னு?' என்றார்.

கீழே யாரோ குக்கரை இறக்கும் சத்தம்.

பலகையைப் பிடுங்குவது என்று தீர்மானம்.
ஆட்சேபம் இல்லை.
உண்மைப் பாதிரியின் விதை தேட
மூவர் கொண்ட துணைக்குழு.
பூக்க எட்டு வருஷம் ஆகலாம், பத்தும் ஆகலாம்
என்றபோது
யாரும் வாய்விட்டுக் கணக்குப் போடவில்லை.

மஞ்சளுக்குத் தண்ணீர் ஊற்றுவதா என்று
தீர்மானம் எதுவும் வரவில்லை.
வழக்கம்போல் முறைத்தாள் மட்டும் வந்தது.
தலைப்பில் 'பாதிரி' என்றே இருந்தது.
யாரும் அடிக்கவில்லை.
திங்கள் கலியபெருமாள், செவ்வாய் டீச்சர்.
ஞாயிறு, நான்.

கொசு அதிகமானதால்
ஆறு நாற்பதுக்குக் கூட்டம் முடிந்தது.

பின்குறிப்பு:
பச்சை மூடி போட்ட சம்படம் ஒன்று
அஞ்சலாட்சி வீட்டில் கிடக்கிறது.
உரியவர் எடுத்துக்கொள்ளலாம்.
உள்ளே ஏதோ விதை, பெயர் எழுதவில்லை.
இரண்டை ஊன்றிப் பார்த்துவிட்டாராம்.