அலைக்கோடு

ருவைஸ் முகாம் நான்கில்
மெஸ் வாசலில் தொங்குகிற திரைக்கு
அறிவிப்பு எழுதுவது என் வேலை.
ஐந்து மொழி, ஒரு கீபோர்டு.
எட்டாம் எண் பொத்தான் வழுக்கையாகிவிட்டது.
அதன் தலையில்தான் நட்சத்திரம்.

சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம்,
பின்னால் ஒன்று.
நடுவில் இருப்பது தடிக்கும்.
*பன்னிரண்டரை முதல் மூன்று வரை
வெயிலில் வேலை இல்லை.*
பின்னால் உள்ளதை மறந்தால்
கீழே இருக்கிற அத்தனையும் தடித்துவிடும்.
ஒருமுறை அப்படித்தான்
சாம்பார், முட்டை, துணி காயப்போடும் நேரம்
எல்லாம் ஒரே குரலில் கத்தின.
அன்றைக்கு யாரும் எதையும் படிக்கவில்லை.

இருபக்கமும் அடிக்கோடு வைத்தால் சாயும்.
ஆங்கிலம் சுகமாகச் சாய்கிறது,
சுழல் நாற்காலியில் மேனேஜர் போல.
தமிழைச் சாய்த்தால்
ஷமால் காற்றில் கட்டு தளர்ந்த சாரம்.
நான் சாய்ப்பதில்லை.
உருது வலப்பக்கம் இருந்து வரும்.
எந்த நட்சத்திரம் திறப்பு, எது மூடல் என்று
கர்சரே திகைத்து நிற்கும்.
டிரைவர் இம்தியாஸைக் கூப்பிடுவேன்.
அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு
காற்றில் விரலால் திறப்பார், மூடுவார்.

அலைக்கோடு, அடிப்பதற்கு.
இரண்டு அலைக்கு நடுவில் ஒரு பெயரை வைத்தால்
மேலே கோடு விழும்.
பெயர் தெரியும், ஆள் இல்லை என்பதும் தெரியும்.
விசா முடிந்தவர்,
வேறு சைட்டுக்கு மாற்றப்பட்டவர்.
அழித்தால் எங்கே என்று கேட்பார்கள்.
அடித்தால் கேட்பதில்லை.

ஜூலையில் ஒரு செவ்வாய்.
இன்றைய வெப்பம் 44~48 என்று தட்டினேன்.
கீழே இரவு ஷிப்டுப் பட்டியல்.
அதற்கும் கீழே
ஏசி பழுது, அறை 12~16.
என் கணக்கில் அந்த நெளிவு 'இருந்து வரை'.
திரையின் கணக்கில்
ஒன்று திறப்பு, ஒன்று மூடல்,
நடுவில் பதினோரு பேர்.

பத்துப் பேர் சிரித்தார்களாம்.
சாரம் கட்டும் அமலதாஸ் சிரிக்கவில்லை.
போன வாரம்தான் சூப்பர்வைசரிடம்
பலகை போதவில்லை என்று சொல்லியிருந்தார்,
கொஞ்சம் சத்தமாகவே.

காலை ஆறு மணிக்கு என் மேஜை முன்னால் நின்றார்.
பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்.
சவரம் செய்திருந்தார்.
"டிக்கெட் எத்தனை மணிக்கு மேடம்?"

எனக்கு வாய் வரவில்லை. திரையைத் திருப்பினேன்.
நாற்பத்து நான்குக்கும் நாற்பத்தெட்டுக்கும் நடுவே
விரல் வைத்தேன்.
"இந்தப் புழுவா?" என்றார்.
வெகு நேரம் பார்த்தார்.
அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது:
தலையில் ஒரு புள்ளி வைத்தால்
உயிர் போய் மெய் மட்டும் நிற்கிற மொழி நம்முடையது.
குறி என்ன செய்யும் என்று
எனக்கு யார் சொல்லித் தர வேண்டும்?

குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால்
குறி தன் வேலையை விட்டுவிடும்.
வெறும் கோடாக நிற்கும்.
44\~48.
அவர் கண் முன்னாலேயே போட்டேன்.
பதினோரு பெயரும் வெளுத்து எழுந்தன.

"இதைப் போட்டா அதுக்கு லீவா?"
"ஆமாம்."
"வெயில் நேரத்துல மட்டுமா?"
பதிலுக்குக் காத்திருக்காமல்
பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்.
பஸ் ஆறரைக்கு.

அன்று மாலை அறிவிப்பில்
தண்ணீர் லாரி வரும் நேரத்துக்கும்
முடிவெட்டுபவர் வரும் கிழமைக்கும் இடையில்
ஒரு வரி சேர்த்தேன்.
*சாரத்துக்குப் பலகை இன்னும் வரவில்லை.*
யாரும் போடச் சொல்லவில்லை.
இரண்டாவது நட்சத்திரம் இருக்கிறதா என்று
மறுபடி பார்த்துவிட்டு
அனுப்பினேன்.