நூற்றுப் பதினைந்தாவது மீட்டர்

தேர்வு மையத்துக்கு நூறு மீட்டருக்குள்
ஜெராக்ஸ் எடுக்கக் கூடாதென்ற அறிவிப்பை
எங்கள் கடையில்தான் நகலெடுத்தார்கள்.
நாற்பது பிரதி.
காசு இன்னும் வரவில்லை.

தாராவி தொண்ணூறடி ரோட்டில்
கடை இருப்பது நூற்றுப் பதினைந்தாவது மீட்டரில்.
நஸீர் பாய் நாடா பிடித்து அளந்திருக்கிறார்.

மார்ச் வந்தால் இயந்திரத்துக்கு ஒரே வேலை,
சிறிதாக்குவது.
ஐம்பது சதவிகிதம், அந்த ஐம்பதில் இன்னொரு ஐம்பது.
புவியீர்ப்பு தீப்பெட்டிக்குள் அடங்கும்.
தனிம அட்டவணை தபால்தலையாகும்.
கிட்டப்பார்வை தூரப்பார்வைப் பாடத்தை
கண்ணுக்கே தெரியாதபடி குறுக்கித் தந்திருக்கிறேன்.

ஊரில் இதற்குப் பிட்டு என்று பேர்.
பம்பாயில் சிட்டு.
பிடிக்க வருவது பறக்கும் படை.
எந்தச் சிட்டும் பறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மற்றவர்கள் டைஜஸ்டைக் கிழித்துக்கொண்டு வந்தார்கள்.
எபனேசர் கொண்டுவந்தது
கையால் எழுதிய பதினாறு பக்கம்.
ஓரம் விட்டு,
லென்ஸ் படங்களுக்குக் காம்பஸ் வைத்து.
"அச்செழுத்தைக் குறுக்குனா அடைஞ்சு போவுது அண்ணாச்சி.
இது எடம் விட்டு எழுதினது."

மூன்று ராத்திரி.
அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து படுக்கும்வரை டியூப்லைட்,
அப்புறம் இரும்பு ஏணிப்படியில் செல்போன் வெளிச்சம்.
பிள்ளை படிக்கிறான் என்று
மேல்வீட்டு டிவியைக் குறைக்கச் சொல்லி
அவன் அம்மா சண்டை போட்டாளாம்.

நான் எதுவும் கேட்கவில்லை.
மூடியை அழுத்திப் பிடிப்பது என் வேலை.
பச்சை வெளிச்சம் இந்த முனையிலிருந்து
அந்த முனைக்குப் போய்த் திரும்பியது.
பதினெட்டு ரூபாய்.

வியாழக்கிழமை மத்தியானம் மறுபடி வந்தான்.
சாக்ஸுக்குள் கைவிட்டு எடுத்து
கண்ணாடிமேல் வைத்தான்,
வேர்வையில் ஊறி
வடை மடித்த தாள் மாதிரி இருந்ததை.

"எடுக்கவே முடியல அண்ணாச்சி.
ரெண்டு மணி நேரமும்
நெனப்பு கணுக்கால்லயே கெடந்துச்சு.
மிஸ் செருப்புச் சத்தம் கேட்டா
காலு தானா உள்ள போவுது.
மூணாங் கேள்வி நாலாம் பக்கத்துல அப்படியே இருக்கு,
மேலருந்து ஆறாவது வரி, பச்ச மையில கோடு போட்ருக்கேன்.
அஞ்சாங் கேள்வி ஏழாம் பக்கத்துப் படம்,
பொருள் தூரத்துல இருந்தா
பிம்பம் தலைகீழா, சின்னதா விழும்,
அதுக்கு மூணு கதிர்..."

விரல் கண்ணாடிமேல் கோடு இழுத்துக்கொண்டே போய்
பாதியில் நின்றது.
டோனரைக் குலுக்கிக்கொண்டிருந்த நானும்
நிறுத்தியிருந்தேன்.
வெளியே தண்ணீர் லாரி ரிவர்ஸில் பாடியபடி போனது.

கொஞ்சம் கழித்து
"யூஸ் பண்ணலல்ல, பதினெட்டு ரூவா
திருப்பித் தருவீங்களா?" என்றான்.

நஸீர் பாய் சிரித்த சிரிப்பில்
பான் தெறித்தது.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பத்தாம் வகுப்பில் அல்ஜீப்ரா இருபத்தொன்பது நான்.
எனக்கும் சிட்டு இருந்தது. தைரியமாக எடுத்தேன்.
வேறு பாடம்.

கல்லாவிலிருந்து இருபது எடுத்து நீட்டினேன்.
வாங்கவில்லை. பையைத் திறந்தான்.
சனிக்கிழமை அறிவியல் இரண்டாம் தாள்.
இன்னொரு கற்றை, பதினான்கு பக்கம்,
அதே ஓரம், அதே பச்சை மை.

"குறுக்கணுமா?"

"தெரியல."

தாள் அவன் கையில் ஒரு முனை,
என் கையில் மறுமுனை.
மூடி திறந்தே இருந்தது.
பின்னால் வரிசையில் யாரோ
பையா, ஜல்தி என்றார்கள்.