நாற்பத்தொரு பேர்

அட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
பேக்கரிச் சூடு ஏறிவரும் மேல்மாடியில்
சட்டத்தரணி ரிஸ்மினா என் நாவலைச்
சிவப்புப் பேனையோடு வாசித்து முடித்திருந்தார்.
(ரிஸ்மினா என்பது அவர் பேரல்ல.
அவரைக் கேட்டுத்தான் மாற்றினேன்.)
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
நாற்பத்தொரு வட்டம்.

தேநீர் வந்தது.
நூலில் தொங்கிய சிட்டையில்
அதே கம்பெனியின் பேர்.
இருவரும் பார்த்தோம்.
இருவரும் குடித்தோம்.

"பதினெட்டாம் பக்கத்தில் உங்கள் ஜெயமலர்
இந்தத் தேயிலையைக் குடிக்கிறாள். குடிக்கட்டும்.
குடிப்பதற்கு வழக்கில்லை.
ஐம்பதாம் பக்கத்தில்
தூளுக்குள் இரும்புத்தூள் கிடக்கிறதே,
அங்கேதான் சிக்கல்."

"கிடந்தது" என்றேன்.

"கண்டீர்களா, கற்பனையா?
கண்டதென்றால் சாட்சி கொண்டுவாருங்கள்.
கற்பனையென்றால்
அவர்களுடைய பேர் எதற்கு?"

கீழே நுவரெலியா பஸ் நீளமாக ஹோர்ன் அடித்தது.
நல்லவேளை.

பிறகு உதைபந்தாட்ட அத்தியாயம்.
"இந்த அணி இன்னும் இருக்கிறது.
தோற்றார்கள் என்று எழுதுங்கள்.
மழையில் வழுக்கித் தோற்றார்கள்,
சப்பாத்து இல்லாமல் தோற்றார்கள்,
எப்படியும் எழுதுங்கள்.
விற்றுத் தோற்றார்கள் என்று மட்டும் வேண்டாம்.
பதினொரு பேரும் தனித்தனியாக வருவார்கள்.
கோல் காப்பாளர் முதலில் வருவார்."

அட்டைப்படத்தைத் திருப்பி வைத்தார்.
"பொதியில் இருக்கும் பச்சைக்கிளியை எடுத்துவிடுங்கள்.
அது பதிவு செய்த கிளி."
"கிளிகூடவா?"
"அந்தக் கிளி. மற்றக் கிளியெல்லாம் உங்களுக்கு."

கடைசியாக, முகப்பில் ஒரு வரி போடச் சொன்னார்:
பேர்கள் யாவும் கற்பனை,
ஒற்றுமை இருந்தால் தற்செயல்.
குறித்துக்கொண்டேன்.
தற்செயல் என்ற சொல்லில் பேனை கொஞ்சம் நின்றது.

அவரிடம் நான் சொல்லாதது ஒன்றுண்டு.
தோட்டத்தில் பேர் என்றால் வேறு.
ஒருநாள் வேலைக்கு ஒரு பேர்.
கொழுந்து குறைந்தால் அரைப் பேர்.
பிந்தி வந்தால் பேர் இல்லை, திரும்பிப் போ.
"இந்த மாசம் உனக்கு எத்தனை பேர்?"
என்று லயத்தில் கேட்டால்
யாரும் பிள்ளைகளை எண்ணமாட்டார்கள்.

மழை விடாத ஓர் ஆவணியில்
அம்மாவுக்குப் பதினேழரைப் பேர்.
அவளுடைய மற்றப் பேர் மீனாம்பாள்.
செக்ரோலில் மீனாச்சி.
சேமலாப நிதி எடுக்கப் போனபோது
இந்த இருவரும் ஒருத்தியே என்று
சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தோம்.
எழுதியவரும் ஒரு சட்டத்தரணிதான்.
கூலி, ஐந்து பேர்.
பிழையாய்ப் பதிந்தவர் மேல்
வழக்கு ஒன்றும் இருக்கவில்லை.

இரவு மேசையில் மாற்றுப் பேர் தேடினேன்.
பனித்துளி என்றால், அப்படியொரு தேயிலை இருக்கிறது.
பொன்முகடு, அதுவும் இருக்கிறது.
நீலச்சாரல் குளியல் சவர்க்காரம்.
அழகான சொல்லுக்கெல்லாம்
ஆள் இருக்கிறார்கள்.

பிறகு ஞாபகம் வந்தது:
லயத்தில் ஒருவரும் அதன் முழுப் பேரைச் சொன்னதில்லை.
கம்பெனி என்போம்.
எல்லோருக்கும் விளங்கும்.

கம்பெனி என்றே போட்டேன்.
அணிக்குக் கீழ்ப்பிரிவுப் பெடியன்கள்.
கோல் காப்பாளனுக்குப் பேரே வைக்கவில்லை,
எவனாவது தன்னைத்தான் என்று
எழும்பி வரட்டும்.

விடிய மூன்று மணிக்கு
நாற்பத்தொரு பேர் வெட்டி முடித்திருந்தேன்.
அம்மாவின் கணக்கில் பார்த்தால்
இரண்டு மாசச் சம்பளத்துக்கு மேல்.

நித்திரை வரவில்லை.
பழைய ரேடியோவின் ஸ்பீக்கரைக் கழற்றி
அதன் காந்தத்தை
டப்பாத் தூளுக்குள் ஒருதரம் இழுத்தேன்.

என்ன ஒட்டியது என்பது நாவலில் இல்லை.
எந்த டப்பா என்பது
இதிலும் இல்லை.