இடது கைக்கு ஒரு வாசல்

பினாங்கில் போர்வை தைக்கிறோம் என்றால்
சிரிக்கிறார்கள்.
விசிறிக்கே வியர்க்கும் ஊர்.
ஆனால் ஜெலுத்தோங் டயாலிசிஸ் நிலையத்தில்
ஆறாம் நாற்காலிக்கு நேர் மேலே
ஏர்கோன் பதினெட்டில் நிற்கிறது.
இரத்தம் வெளியே போய்
குழாயில் ஒரு சுற்று சுற்றி
ஆறிப்போய்த் திரும்புகிறது அக்காவுக்குள்.
திங்கள், புதன், வெள்ளி. நான்கு மணி நேரம்.
பல் தந்தியடிக்கிறது அவளுக்கு.

"கடைப் போர்வை வழுக்குதுடா.
நாமளே தைப்போம்."

செவ்வாயும் வியாழனும்
இரவுக் காவல் முடித்து வந்து
தூங்க வேண்டிய கண்ணோடு தரையில் உட்கார்கிறேன்.
ஆயர் ஈத்தாம், பதினோராவது மாடி.
மைலோ பெட்டி அட்டையில்
ஒரு சாண் சதுரம் வெட்டி அளவு வைத்துக்கொண்டோம்.

துணி கிடைத்ததெல்லாம்தான்.
என் பழைய சீருடையின் முதுகு,
பிரேமினி ஐந்தாம் படிவம் வரை போட்ட நீலப் பினோஃபோர்,
பக்கத்து வீட்டு ஆ கிம் கொடுத்த பாத்தேக்,
சிவப்பு எழுத்து மங்காத குட்மார்னிங் துண்டு.
அடியில் அத்தானின் கட்டம்போட்ட சட்டையும் இருந்தது.
பட்டர்வொர்த் பெர்ரியில் ஏறிப் போனவர்
போனவர்தான், ஒன்பது வருஷம்.
"இத எறிஞ்சிடவா?"
"ஏன் எறியணும்? கால்மாட்டுக்குப் போடு."

அவள் இடது கையில்
தோலுக்கடியில் இணைத்த நரம்பு உறுமுகிறது.
காது வைத்தால்
தூரத்தில் எங்கோ தையல் மெஷின் ஓடுவது போல.
அந்தக் கையால் எதையும் அழுத்தக் கூடாது.
ஆகவே நான் இரு கையாலும் இழுத்துப் பிடிக்க
அவள் குத்துகிறாள்.
இரண்டு பேர், மூன்று கை,
மூக்குக்கண்ணாடி ஒன்று.

பெரிதாக ஒன்றும் பேசவில்லை.
தக்காளி விலை.
ஏழாம் நாற்காலி ஊய் அங்கள்
தூக்கத்தில் ஹொக்கியனில் யாரையோ திட்டுவது.
லிஃப்ட் மறுபடி கெட்டது.
சிறுநீரகம் என்ற சொல் மட்டும்
பாயில் தவறி விழுந்த ஊசி மாதிரி.
இருவரும் பார்த்துப் பார்த்து உட்கார்ந்தோம்.

கத்தரிக்கோல் கிடக்கும் இழுப்பறையில்
அதற்கடியில் ஒரு கடிதம்,
பெரியாஸ்பத்திரி முத்திரையோடு.
போன தீபாவளிக்கு முன்பே வந்தது.
என்னுடையது அவளுக்குப் பொருந்துமாம்.
"இன்னும் வரலக்கா" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
மனைவி வேண்டாம் என்றாள் என்று சொல்லலாம்.
அது பொய்.
அவளிடம் நான் கேட்கவே இல்லை.

போர்வை முடிந்தது,
ஒரு ஓரம் விரல் அகலம் கோணலாக.
வெள்ளிக்கிழமை விரித்ததும்
மிஸ்ஸி நோராய்னி கைதட்டினாள்.
பிறகு விரலை ஆட்டினாள்:
கை வெளியே தெரிய வேண்டும்.
ஊசி நழுவினால்
போர்வைக்கடியில் யாருக்குத் தெரியும்?
இரத்தம் சத்தம் போடாது.

சனிக்கிழமை அக்கா வந்தபோது
நான் குளித்துக்கொண்டிருந்தேன்.
தலை துவட்டிக்கொண்டு வந்தால்
கத்தரிக்கோல் அவள் கையில்.
இழுப்பறை சாத்தியிருந்தது,
நான் ஒருநாளும் சாத்தாத அளவுக்கு அழுத்தி.

"மழுங்கிப் போச்சுடா" என்றாள்.
"சாணை பிடிச்சு வை."

இடது பக்கம், நெஞ்சுக்குச் சற்றுக் கீழே,
பினோஃபோரும் என் சீருடையும் சேரும் இடத்தில்
இருவருமாகப் பிடித்து வெட்டினோம்.
ஆறு வாரத்துத் தையல்
ஒரு இழுப்பில் வாய் பிளந்தது.
விளிம்பை மடித்து அவள் பிடித்துக்கொள்ள
இந்தத் தடவை நான் குத்தினேன்.
கண்ணாடி அவளிடம் இருந்தது.
கேட்கவில்லை நான்.
கோடு எங்கெங்கோ போயிற்று.
பிரி என்று அவளும் சொல்லவில்லை.

அந்த வாசல் வழியே கையை நீட்டிப் பார்த்தாள்.
நீட்டிய கையை
என் முழங்காலில் வைத்தாள்.
உறுமியது.

"பசிக்குதுடா.
ரொட்டி வாங்கிட்டு வா,
எனக்குக் குழம்பு கொஞ்சமா."

பதினோரு மாடியும்
படியில் இறங்கினேன்.
லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது.