நான்காவது பிரதி

கடிதத்துக்கு மூன்று பிரதி.
அமைச்சுக்கு ஒன்று, மானியங்கள் ஆணைக்குழுவுக்கு ஒன்று,
கோவைக்கு ஒன்று.
நான்காவதைப் பற்றித்தான் இது.

பேராசிரியர் இராசநாயகி பூபாலப்பிள்ளை
உபவேந்தராய் வந்த அன்று
அமைச்சர் போட்ட மாலை கழுத்தில் கிடந்தது.
ஆரையம்பதிக்காரி. மண்ணியல்.
முந்தனை ஆற்றுப் படுகையின் களியையெல்லாம்
புட்டியில் அடைத்துப் பெயர் ஒட்டி வைத்தவர்.
நன்றிக் கடிதம் நான்தான் அடித்தேன்.
'தங்கள் அன்பும் ஆதரவும்' என்னுமிடத்தில்
துணைக்கால் விசை சிக்கிக்கொண்டது.

முதல் இரண்டு வருடம் அவரும் வளைந்தவர்தான்.
பெண்கள் விடுதியின் கீழ்த்தளத்தைக்
காவலரணுக்கு விட்டார்.
பிள்ளைகள் கார்க் கண்ணாடியில் சாணி அடித்தார்கள்.
துடைக்க வேண்டாம் என்று சாரதிக்குச் சொல்லி
செங்கலடிச் சந்தி வரை அப்படியே போனார்.

பிறகு ஓர் ஆனி மாதம்
கச்சான் காற்று கதவை அறைந்துகொண்டிருக்க
கொழும்பிலிருந்து சிங்களத்தில் ஒரு பக்கம்:
பண்ணைக் காணி நாற்பது ஏக்கர்,
தேசியப் பாதுகாப்பின் நிமித்தம்,
பதினான்கு நாளில்.

'தமிழில் அனுப்புக' என்பது முதற் பதில்.
இரண்டு மாதம் பிந்தி அனுப்பினார்கள்,
பண்ணை 'பன்னை' ஆகி.
சிவப்புப் பேனையால் திருத்தித் திருப்பி அனுப்பினார்.
அவர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

இரண்டாவது பதில் பத்துப் பக்கம், வரைபடத்துடன்:
'மேற்படி காணியில் மூன்றடி வரை கருங்களி.
மாரியில் நீர் வடியாது.
கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும்.
இங்கே முகாம் நிற்காது. நெல் நிற்கும்.'
சுருக்கெழுத்தில் எடுக்கும்போதே விரல் நடுங்கியது.
பயமா பெருமையா,
இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

மூன்று பிரதிக்கு இரண்டு கார்பன் போதும்.
நான் மூன்று வைத்தேன்.

என் மகன் யோகன் அப்போது
பூசா முகாமில் எட்டாவது மாதம்.
சந்தியில் சிவில் உடுப்பில் நின்ற ஒருவர்
சைக்கிளைப் பிடித்துக்கொண்டு
தமிழில், வடிவான தமிழில், சொல்லியிருந்தார்:
'மகனுக்குச் சாப்பாடெல்லாம் நல்லம் ஐயா.
மேடத்தின் கடிதங்களை எங்களுக்கும் காட்டுங்க.'

சாப்பாட்டுப் பெட்டியில்
புட்டுக்கு அடியில், வாழையிலைக்கும் அடியில்
பத்துத் தாள் மடித்து வைத்தேன்.
புட்டை அன்று நாய்க்குப் போட்டேன்.

தபாலில் இன்னும் போகாத கடிதத்துக்குப்
பதில் வந்து சேர்ந்தது.
இரண்டு திகதிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து
நெடுநேரம் பார்த்தார்.
என்னைக் கூப்பிடவில்லை.

அதன்பின் சம்பளக் காசு பிந்தியது.
தொலைபேசி செத்தது.
கணக்காய்வுக்காரர் ஒன்பது பேர் வந்து
கதிரைகளை எண்ணினார்கள், ஆய்வுகூடப் புட்டிகளை எண்ணினார்கள்,
'மண், மேலும் மண்' என்று எழுதிக்கொண்டார்கள்.
தை பிறக்க முதல்
தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவர்
வர்த்தமானியோடு வந்து இறங்கினார்.

சாவிக்கொத்தை ஒப்படைத்த பின்னேரம் கூப்பிட்டார்.
'சாமித்தம்பி, இந்த வருடம் கார்பன் ஆறு பெட்டி.
கடிதக் கணக்குக்கு நாலுதான் வரும்.'
நான் நிலத்தைப் பார்த்தேன்.
'யோகன் வந்திற்றானா?'
'இன்னும் இல்லை, மேடம்.'
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். திரும்பப் போட்டார்.
'நாலாவது பிரதி மங்கலாத்தானே விழும்?
களி பற்றின பந்தி
வாசிக்கக்கூடியதா இருந்ததா?'

ஓம் என்றேன். உண்மையில் பார்க்கவில்லை.

நெல்லுக்கு மேல் மூன்று மாதம் கிரவல் கொட்டினார்கள்.
முகாம் நின்றது. இன்றும் நிற்கிறது.
யோகன் அடுத்த ஆவணியில் வந்தான்.
கடிதத்தாலா, தானாகவா,
கேட்க ஆளில்லை.

புதியவரின் கடிதங்கள் ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை.
'தங்கள் பணிப்புரைக்கமைய' என்று தொடங்கும்.
தாளைச் செருகும்போது
கை தன்பாட்டில் மூன்று கார்பன் வைக்கிறது.
ஒன்றை உருவி எடுத்துவிட்டு
அடிக்கத் தொடங்குகிறேன்.