சினை நண்டின் கணக்கு

பனிச்சங்கேணிப் பாலத்துக்கு இப்பால்
தகரக் கொட்டிலொன்றில் நாலு நீலப் பீப்பாய்,
மீன்தொட்டிக்குக் காற்றூதும் சின்ன மோட்டர்,
ஒரு தராசு, ஒரு சீ.ஆர். கொப்பி.
சங்கத்தின் ஆதனம் இவ்வளவுதான்.

விடியப்புறம் நாலரைக்கு முதல் தோணி.
பேரின்பநாதன் கூடையைக் கவிழ்ப்பான்.
நான் ஒவ்வொன்றாய்ப் புரட்டி வயிறு பார்ப்பேன்.

மஞ்சளென்றால் பத்து நாள்.
மண்ணிறமென்றால் நாலு.
கறுத்திருந்தால் இன்றிரவே.
முட்டை சுமந்து வருபவளைக்
கிலோவில் எழுதாமல் நாளில் எழுதும் கடை
இந்தக் கரையில் எங்களுடையது மட்டும்.
பெற்ற பிறகுதான் அவளுக்கு விலை.

"நண்டுக்குப் பிள்ளைப்பேறு பாக்கிற ஆஸ்பத்திரி"
என்று சிரித்தார்கள் முதல் வருசம்.
பெயர் நல்லாயிருக்கு,
பலகையில் எழுதுவம் என்றாள் விமலோசனி.
பலகைக்குக் காசில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் லோன்காரப் பெடியன்
மோட்டார்சைக்கிளை நிற்பாட்டாமலே கேட்பான்:
"அக்கா, இந்தக் கிழமை?"
கிழமைக்குக் கிழமை வளரும் அவன் வட்டி.
நண்டு அப்படி வளராது.
பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு
மெத்தென்ற உடம்போடு மண்ணுக்குள் புதைந்து
புது ஓடு இறுகும்வரை
யாருக்கும் முகம் காட்டாது.
அவன் அட்டையில்
அதை எந்தக் கட்டத்தில் போடுவது?
"மறுகா தாறன் தம்பி."
"எப்பவும் மறுகாதான்."
ஓம். எப்பவும் மறுகாதான்.

இரண்டாம் வருசம், ஒரு இரவு முழுக்கக் கரண்ட் இல்லை.
காற்றூதி நின்றது.
சிரட்டையால் மொண்டு மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றினோம், இரண்டு பேரும் மாறி மாறி.
விடிய எண்ணினால் பதினேழு.
கொப்பியில் பதினேழு கோடு.
விமலோசனி ஒன்றும் சொல்லாமல்
பீப்பாயைக் கழுவத் தொடங்கினாள்.

மூன்றாம் வருசம் தங்கூசி வலைக்காரரோடு சண்டை.
"நீங்க விடுறதை நாங்க பிடிக்கிறம், என்ன செய்வீங்க?"
விட்டோம்.
நாலாம் வருசம் கொப்பியில் எழுத ஒன்றுமில்லை.
ஐந்தாம் வருசமும்.

கறுத்த முட்டை உடைந்த இரவில்
பீப்பாய்த் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.
வெறும் தூசு.
டோர்ச் அடித்தால் தூசு முழுதும்
வெளிச்சத்துப் பக்கம் திரும்பும்.
தூசுக்குக் கண் இருக்கிறது.
வாளியில் சுமந்து முகத்துவாரத்துக்குப் போய்
வற்று இழுக்கிற நேரம் பார்த்து ஊற்றுவோம்.
ஆயிரத்தில் ஒன்று மிஞ்சினாலே பெரிது.
மற்றதெல்லாம் கடலுக்குச் சாப்பாடு.
கடலும் சாப்பிட வேண்டும்தானே.

ஏழாம் வருசம் கூடைகள் கனத்தன.
அதற்கு நாங்கள்தான் காரணமா,
மழையா, நீரோட்டமா
என்று சத்தியம் பண்ண மாட்டேன்.
கொழும்புக் கம்பனியோடு வந்த வெள்ளைக்காரி
போனில் ஒரு தட்டைக் காட்டினாள்:
சதையை மட்டும் உருட்டிப் பொரித்து,
பக்கத்தில் ஒரு இலை.
ஓடில்லை, காலில்லை,
உறிஞ்சுகிற சத்தமில்லை.
எங்கள் நண்டு அங்கே
இவ்வளவு அமைதியாகவா இருக்கிறது!
வெற்றியின் இரகசியம் என்ன என்று கேட்டாளாம்.
கரண்ட் பில்லை விடாமல் கட்டினது என்றேன்.
மொழிபெயர்த்தவன் வேறேதோ நீளமாய்ச் சொன்னான்.

கால் முறிந்தவை கம்பனிக்கு ஆகாது.
அவை எங்கள் சட்டிக்கு.
மிளகு, தேங்காய்ப்பால்,
இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை.
இடியப்பம் ஆணத்தில் ஊறும்வரை
பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள்.

போன செவ்வாய்
மோட்டார்சைக்கிள் நின்றது.
பெடியன் கையில் நனைந்த சொப்பிங் பை.
"சந்தையில வாங்கினன் அக்கா.
வீட்ட போய்ப் பாத்தா இது சினைபோல.
உயிர் இருக்கு."
"என்ன நிறம்?"
குனிந்து பார்த்தான், இன்னும் குனிந்தான்.
"மஞ்சள்."
மூன்றாம் பீப்பாய், பத்து நாள் என்று எழுதினேன்.
அவன் கையைத் துடைத்துக்கொண்டு
அட்டையை நீட்டினான்:
"அக்கா, இந்தக் கிழமை?"