ஒரு சாண் கீழே

விரால் தெரிகிற இடத்தில் விரால் இல்லை.
தண்ணீர் அதைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும்.
ஒரு சாண் கீழே எய்யணும்,
தூரமென்றால் இன்னும் கீழே.
இருபத்திரண்டு வருஷமாக
மீன் இல்லாத இடத்தைக் குறிபார்த்தே
குழம்புக்கு மீன் கொண்டுவந்தவன் நான்.

ஆசாரிப்பள்ளத்து டாக்டரிடம்
நோவு இங்கே என்று
முழங்கைக்கு மேலே தொட்டுக் காட்டினேன்.
அவர் அங்கே பார்க்கவே இல்லை.
ஒரு சாண் மேலே தோள்மூட்டில்
பெருவிரலை ஊன்றினார்.
நான் போட்ட சத்தத்தில்
வெளியே வரிசையில் கைக்குழந்தை ஒன்று அழுதது.
"தெரியிறது அங்க. கிழிஞ்சது இங்க."
இந்த ஆளுக்கும் எய்யத் தெரியும் என்று நினைத்தேன்.

ஆடி மாசம், கடைசிச் சக்கை பறிக்க ஏறினேன்,
ஏணி சறுக்கியது.
சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.
பன்றி முட்டியது என்று
திற்பரப்பு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறான் றாபின்சன்,
என்மேல் அவனுக்குள்ள மரியாதையில்.

ஆறு மாசம் வில்லைத் தொடக்கூடாது.
ஆறு மாசம் பால்வெட்டுக் கத்தியையும்.
விடியுமுன் மூன்று மணிக்கு
என் ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு ஜெயசீலி போகிறாள்.
பட்டை சீவுகிற சத்தம் வீடுவரை வராது.
ஆனாலும் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்
மரம் மரமாக,
இருநூற்றெழுபது மரம்.
ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம் என்று
ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.
"அத மரம் சொல்லும். நீரு ஒறங்கும்."

நாண் கழற்றக்கூட இரண்டு கை வேணும்.
கட்டியபடியே விட்டால்
மூங்கில் அந்த வளைவிலேயே செத்துப்போகும்.
றாபின்சனைக் கூப்பிடக் கூச்சம்.
அவள்தான் வில்லுக்குள் ஒரு காலை விட்டு
தொடையில் வளைத்து
முடிச்சை நழுவவிட்டாள்.
"இப்பம் இது வெறும் கம்பாக்கும்" என்று
என் லுங்கியை அதில் உலரப்போட்டாள்.
இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை.
மழைநாள்.
மூன்றாம் நாள்தான் லுங்கி உலர்ந்தது.
எடுத்து உடுத்தினேன்.

தெராப்பிக்கு ஷைஜா என்று ஒரு பிள்ளை.
மஞ்சள் ரப்பர்நாடாவைக் கதவில் கட்டி
"மெதுவா இழுங்கண்ணா" என்றாள்.
ரப்பர் வெட்டுகிறவனுக்கே
முன்னூறு ரூபாய்க்கு ரப்பர் விற்றுவிட்டாள்.
இழுக்கிறேன்.
காதுவரை வரவேண்டிய கை
இடுப்பு தாண்டினாலே பல்லைக் கடிக்கவைக்கிறது.

ஐப்பசியில் குளம் நிறைந்தது.
கையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு
வில்லில்லாமல் கரைக்குப் போனேன்.
தாமரைக்குப் பக்கத்தில்
செக்கச்செவேலென்று குஞ்சுக்கூட்டம்,
சோற்றுப்பானை அகலத்தில் கொதித்துக்கொண்டு.
கீழே தாய் நிற்கும். அல்லது தகப்பன்.
குஞ்சை விட்டுப் போகாது,
மூச்சுக்கு மேலே வந்தே தீரும்.
அதுதான் எங்களுக்கு வசதி.

வந்தது.
வலத்தோள் தானாக எழும்பியது.
பட்டப்பகலில் நட்சத்திரம் பார்த்தேன்.
பிறகும் வந்தது.
பதினொரு மூச்சுவரை எண்ணினேன்.

"மீனுக்க மேல எரக்கம் வந்துட்டா?" என்றான் றாபின்சன்.
இல்லை.
கை இருந்திருந்தால்
முதல் மூச்சிலேயே எய்திருப்பேன்.
குஞ்சுகளை நினைத்திருக்கமாட்டேன்.
பதினொரு தடவை பார்த்ததில்
அதன் தலையில் இடப்பக்கம்
வெள்ளையாய் ஒரு தழும்பு இருப்பது தெரியும்.
அவ்வளவுதான் வித்தியாசம்.
யாருக்கோ தவறிய அம்பு.
எனக்காகவும் இருக்கலாம்.

சுவரில் விரல்களை எறும்புபோல ஏற்றணும்,
நாளைக்குப் பத்துத் தடவை.
மார்த்தாண்டம் ஜவுளிக்கடைக் காலண்டரில்
மாதா நிற்கிறாள்.
போன வாரம் காலடிப் பாம்புவரை.
இன்றைக்கு முழங்கால்.
பென்சில் கோடு போடுவது ஜெயசீலி.
என்னிடம் கொடுத்தால்
ஒரு சாண் மேலே போட்டுவிடுவேனாம்.